சமையலறைச் சுவரில் ‘பசியாறுங்க’: கண்ணாடி மொசைக் எழுத்து வேலை, ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தை ஒட்டிய ஒரு வீடு. மாங்காய்ப் பருவத்தில் தோப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்து உலை வைக்கிற சமையலறை. மேடைக்கும் மேல் கப்போர்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ‘பசியாறுங்க’ என்ற ஒரே சொல்லைக் கண்ணாடி மொசைக்கில் பதிக்க வேண்டும், கூடத்து வாசலில் நின்று பார்த்தாலும் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். வாசலிலிருந்து அந்தச் சுவர் 4 மீட்டர். எழுத்துக்குக் கிடைத்த இடம் 1,400 மி.மீ. அகலம், 600 மி.மீ. உயரம். மேடைக்கல் இந்த மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து வரும் பாரடைசோ கிரானைட். அதிலேயே ஊதாவும் பழுப்புமாக அலையலையாக வரி ஓடுவதால், அதற்கு மேலே வருகிற எழுத்து எளிமையாக, ஒரே கனக் கோட்டில் இருந்தால்தான் எடுபடும்.

இடத்தைக் குறிப்பதே முதல் பேச்சாக இருந்தது. அடுப்புக்கு நேர் பின்னால் வைக்கலாம் என்ற யோசனை உடனே கைவிடப்பட்டது. தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெயை மொசைக் துண்டுகளுக்கு நடுவே ஓடும் நூற்றுக்கணக்கான சந்துகளிலிருந்து துடைப்பதைவிட ஒரே பெரிய டைலிலிருந்து துடைப்பது சுலபம். தவிர, சமையல் நேரத்தில் அங்கே குக்கர் நிற்கும். எழுத்தின் கீழ்ப்பாதி மறையும். ஆகவே அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவிலுள்ள பகுதி தேர்வானது. அங்கே ஏற்கெனவே ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது, சரியாக ‘று’ வரவேண்டிய இடத்தில். பிளக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மிக்ஸி குடியிருக்கும் என்பதால் பெட்டியை மட்டும் மறைத்துப் பயனில்லை. பிளக்கை 400 மி.மீ. வலப்பக்கம் நகர்த்தி, மிக்ஸியை எழுத்துப் பகுதிக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் வரைவு தொடங்கியது.

வரைவில் முதலில் முடிவானது எழுத்தின் சுழிக்குள் மிஞ்ச வேண்டிய வெளியின் அளவு. உயரம், சில்லின் (மொசைக் துண்டின்) அளவு, நிறம், கிரவுட் (சந்தை நிரப்பும் கலவை) எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அந்த வரிசைக்கு வந்து சேர்ந்தது முதல் வரைவு பொய்த்த பிறகு.

கட்டத்தில் அடைத்த வரைவு

கண்ணாடி மொசைக் ஷீட்டுகளில் பரவலாகக் கிடைப்பது 327 மி.மீ. சதுரம். வரிசைக்கு 15 வீதம் 225 சில்லு, ஒவ்வொன்றும் 20 மி.மீ. சதுரம், 4 மி.மீ. கனம். சந்து 1.8 மி.மீ. என்பதால் ஒரு சில்லு பிடிக்கும் இடம் 21.8 மி.மீ. எழுத்து பதிக்க எல்லாரும் முதலில் நினைப்பது, பின்னணி ஷீட்டில் சில சில்லுகளைப் பிடுங்கிவிட்டு அங்கே நிறச் சில்லு வைப்பதைத்தான். வெட்டு வேலையே இல்லை. 8 வரிசை உயரத்தில் கட்டத்தாளில் இப்படி ஒரு வரைவு போட்டு, முழு அளவுக்குப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிப் பார்த்தார்கள். பஸ் முகப்பில் ஓடும் புள்ளி எழுத்துப் பலகை போலத்தான் வந்தது.

‘ப’ கச்சிதம். அதில் வளைவே கிடையாது. தகராறு ‘சி’யில் தொடங்கியது. இகரக் குறியான மேல்விலங்கின் நுனி வளைந்து இறங்க இரண்டு, மூன்று கட்டம்தான் கிடைக்கிறது. மூலையில் வைத்த சில்லு உள்வெளியை அடைத்ததும் அது சுழித்த விலங்காகிவிடுகிறது. வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “என்னப்பா இது, பசீயாறுங்கன்னு இழுக்குது?” என்றார். ‘யா’வில் காலுக்கும் ‘ய’வுக்கும் விட்ட இடைவெளியும், எழுத்துக்கு எழுத்து விட்ட இடைவெளியும் ஒரே கட்டமாக இருந்ததால் கால் தனியே பிரிந்து ‘ர’ போல நின்றது. ‘ங்’கில் செங்குத்துக் கோடுகள் பக்கம் பக்கமாக வருகின்றன, கோடும் ஒரு கட்டம், வெளியும் ஒரு கட்டம் என்று மாறி மாறி வந்ததும் எது எழுத்து, எது இடைவெளி என்று கண் தடுமாறியது.

10 மி.மீ. சில்லுக்கு மாறினால் படிக்கட்டு பாதியாகக் குறையும் என்று அடுத்த யோசனை வந்தது. குறையும்தான். ஆனால் 10 மி.மீ. சில்லும் 1.5 மி.மீ. சந்துமாகக் கணக்குப் போட்டால் சுவரின் பரப்பில் ஏறக்குறைய 24 சதவீதம் கிரவுட். 20 மி.மீ. சில்லில் அது 16 சதவீதத்துக்குள் அடங்கும். எழுத்தில் கால் பங்கு வேறு நிறமாக இருந்தால் தூரத்தில் அது வெளுத்துத்தான் தெரியும். அதோடு, துடைக்க வேண்டிய சந்தின் நீளமும் இரட்டிப்பாகிறது. அந்த வழியும் கைவிடப்பட்டு, எழுத்தை மட்டும் கையால் வெட்டி அடுக்குவது என்று முடிவானது.

சுழியிலிருந்து உயரம்

கோட்டின் அகலம் ஒரு முழுச் சில்லு, அதாவது 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நேர்கோட்டுப் பகுதியில் வெட்டே வேண்டாம். வளைவில் ஒவ்வொரு சில்லையும் ஆப்பு வடிவில், வெளிப்பக்கம் அகலமாகவும் உட்பக்கம் குறுகலாகவும் வெட்ட வேண்டும். உட்பக்கம் 5 மி.மீ.க்குக் கீழே போனால் கண்ணாடி நொறுங்குகிறது; இரண்டு வெட்டினால் ஒன்று தேறும். இந்த ஒரு வரம்பு எழுத்து முழுவதையும் நிர்ணயித்துவிட்டது.

சுழியின் உள்விட்டம் 40 மி.மீ. என்று கொண்டால் வெளிவிட்டம் 80 மி.மீ. வெளிச் சுற்றளவு 251 மி.மீ., உள்சுற்றளவு 126 மி.மீ. முழு வட்டத்துக்கு 19 துண்டு வைத்து, நடுவில் 1 மி.மீ. சந்து விட்டால் ஒவ்வொரு ஆப்பும் வெளியே 12 மி.மீ., உள்ளே 5.6 மி.மீ. சில்லு வெட்டும் கருவியான நிப்பருக்கு அது அடங்கும். 30 மி.மீ. உள்விட்டத்துக்கு இறங்கினால் அதே 12 மி.மீ. ஆப்பின் உள்முனை 5 மி.மீ.க்குக் கீழே போய்விடுகிறது. ஆக 40 மி.மீ. தான் கீழ் எல்லை. ‘ச’, ‘க’ இரண்டிலும் இடப்பக்கச் சுழி எழுத்தின் உயரத்தில் பாதியை எடுத்துக்கொள்கிறது. சுழி 80 என்றால் எழுத்து 160-ஐத் தொடும். 8 முழுச் சில்லும் 1 மி.மீ. வீதம் 7 சந்துமாக அடுக்கினால் 167 மி.மீ. வருகிறது, அதையே எழுத்தின் உடல் உயரமாக வைத்தார்கள். ‘ப’வின் இரண்டு கால்களிலும் எட்டெட்டு முழுச் சில்லு, அடிக்கோட்டில் இடையே நான்கு. மொத்தம் 20 சில்லு, ஒன்றையும் வெட்டவில்லை.

உடலுக்கு மேலே புள்ளிக்கும் விலங்குக்கும் 55 மி.மீ., அடியில் ‘று’வின் வாலுக்கு 50 மி.மீ. ஆக மொத்தம் 272 மி.மீ. வளைந்த அடிப்பாகம் உள்ள எழுத்துகளை அடிக்கோட்டுக்கு 3 மி.மீ. கீழே இறக்கினார்கள். இறக்காவிட்டால் ‘ப’வின் தட்டையான அடிக்குப் பக்கத்தில் அவை அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும். புள்ளியைக் கோட்டின் அகலமான 20 மி.மீ.லேயே வட்டமாக வெட்டினால் சிறிதாகத் தெரிகிறது என்பதால், 24 மி.மீ. வட்டமாக நான்கு கால்வட்டத் துண்டுகளில் அமைத்தார்கள். புள்ளி கோட்டைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்தால்தான் 4 மீட்டரில் புள்ளியாகத் தெரிகிறது.

இடைவெளிக்கும் சில்லே அளவுகோல். ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிப் பின்னணி நிறத்தில் 10 மி.மீ. துண்டுகளால் ஒரு கரை வரிசை ஓடுகிறது. அது எழுத்தின் வளைவோடேயே வளைந்து போகும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இப்படி மூன்று வரிசையும் நான்கு சந்தும், 34 மி.மீ. ‘யா’வில் உடலுக்கும் காலுக்கும் நடுவே இரண்டு வரிசையும் மூன்று சந்தும்தான், 23 மி.மீ. இந்த 11 மி.மீ. வித்தியாசத்தில் கால் ‘ய’வோடு ஒட்டிக்கொண்டது, ‘ர’ என்று படிக்க வழியில்லை. சுழிக்குள்ளும் இதே கணக்குதான்: 40 மி.மீ. வட்டத்தில் ஒரு கரை வளையம் போனது போக நடுவில் 16 மி.மீ. மிஞ்சும், அங்கே வட்டமாகக் கொறித்த ஒற்றைச் சில்லு உட்கார்கிறது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதே வேலையைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த எழுத்துகளில் நேர்கோடு அபூர்வம். 5 மி.மீ. வரம்பு அங்கே எல்லா இடத்திலும் கழுத்தைப் பிடிக்கும், வெட்டுச் சேதமும் கூடும். உயரத்தை முதலிலேயே தாராளமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆறு எழுத்தும் ஐந்து இடைவெளியுமாக மொத்த நீளம் 1,240 மி.மீ. வந்தது. பின்னணி 64 பத்தி, 27 வரிசை. 1,395 மி.மீ.க்கு 589 மி.மீ. கீழே 4 மி.மீ. சிலிக்கானுக்கு, மேலே மிச்சம் கப்போர்டின் மறைப்புப் பலகைக்குள் போய்விடும். 27 வரிசையில் கீழே 10, எழுத்துக்கு 14, மேலே 3. அடிக்கோடு மேடையிலிருந்து சுமார் 290 மி.மீ. உயரத்தில் அமைந்ததால் சாதாரண 5 லிட்டர் குக்கரோ தண்ணீர்க் குடமோ முன்னால் நின்றாலும் சொல்லின் பெரும்பகுதி தெரியும்.

சில்லு வாங்குவதும் எண்ணிக்கையும்

டைல்ஸ் கடையில் வெறுமனே மொசைக் என்று கேட்டால் பளிங்குச் சில்லு பதித்த தரை டைலைக் காட்டுவார்கள். நீச்சல் குளத்துக்குப் போடும் கண்ணாடி ஷீட் என்றால் உடனே புரியும். கிருஷ்ணகிரிக் கடைகளில் நீலமும் வெள்ளையும் கையிருப்பில் இருக்கும். அரக்குச் சிவப்பு, கரும்பச்சை போன்றவற்றுக்குப் பெங்களூருக்குச் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கிறது. முன்பக்கம் தாள் ஒட்டிய ஷீட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் சில்லு தனித்தனியாக உதிர்ந்துவிடும். பின்பக்கம் பிளாஸ்டிக் பொட்டால் இணைத்த ஷீட்டில் அந்தப் பொட்டைச் சுரண்டி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும், சில்லின் முதுகில் மிஞ்சுகிற பிளாஸ்டிக்கில் பசையும் சரியாகப் பிடிக்காது.

நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னச் சோதனை: இரண்டு சில்லையும் பக்கத்தில் வைத்து, கப்போர்டு விளக்கை எரியவிட்டு, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது. கடையின் வெள்ளை வெளிச்சத்தில் பிரமாதமாக இருந்த நடுத்தர நீலம், சந்தனப் பின்னணியோடு சேர்ந்து ஒரே சாம்பலாகிவிட்டது. அரக்குச் சிவப்பு தெளிவாகப் பிரிந்து நின்றது. தங்கத் துகள் மினுக்கும் சில்லை வீட்டார் ஆசைப்பட்டார்கள். மினுக்கு ஒவ்வொரு சில்லிலும் ஒவ்வொரு கோணத்தில் விழுந்து கோட்டை உடைக்கும் என்பதால் அது எழுத்தில் வேண்டாம் என்றானது. புள்ளிக்கு மட்டும் அனுமதித்தார்கள்.

எண்ணிக்கை: எழுத்துக் கோட்டின் மொத்த நீளம் சுமார் 4.7 மீட்டர். பரப்பாகப் பார்த்தால் ஒரு ஷீட்டுக்கும் குறைவு, ஆனால் ஒரு ஷீட் பத்தாது. நேர்ப் பகுதிக்கு 110 முழுச் சில்லு. வளைவுக்கு 240 ஆப்பு. ஒரு சில்லை நடுவே சாய்வாக வெட்டினால் இரண்டு ஆப்பு கிடைக்கும் என்பதால் 120 சில்லு, உடைவு சேர்த்து 155. ஆக 265, ஷீட்டில் இருப்பதோ 225. இரண்டு ஷீட் வாங்கினார்கள். பின்னணிக்குப் பரப்புக் கணக்கில் 7 ஷீட், கரைத் துண்டுகள் 850-க்கு ஒன்றேகால் ஷீட், மிச்சம் சேர்த்து 10. எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்ததா என்று பெட்டியின் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். சந்தனம் மாதிரி வெளிர் நிறத்தில் தொகுதி மாறினால் சுவரில் திட்டு திட்டாகத் தெரியும்.

வெட்டு

கண்ணாடிக்குச் சக்கர நிப்பர்தான். கிளி மூக்கு மாதிரி இருக்கும் சாதா டைல் நிப்பர் கண்ணாடியை நசுக்கும், வெட்டாது. சில்லின் விளிம்பை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று மி.மீ. மட்டும் நுழைத்து, சக்கரம் பார்க்கும் திசையை வெட்டுக்கோட்டோடு ஒத்துவைத்து, சட்டென்று அழுத்த வேண்டும். சில்லை முழுக்க உள்ளே தள்ளி அழுத்தினால் மூன்றாகத் தெறிக்கும். வெட்டு சீராக வராமல் பல் பல்லாக வந்தால் சக்கரம் அந்த இடத்தில் மழுங்கிவிட்டது என்று பொருள்; திருகைத் தளர்த்திச் சக்கரத்தைக் கொஞ்சம் சுழற்றி இறுக்கினால் புது முனை வந்துவிடும். ஆப்பை வெட்டும்போது சாய்வு வெட்டு முதலில், பிறகு உள்முனையைக் கொறித்துச் சரிசெய்வது. நேர்மாறாகச் செய்தால் பிடிக்க இடமிருக்காது.

தொழிற்சாலையிலிருந்து வரும் சில்லின் விளிம்பு லேசாக உருட்டியிருக்கும். வெட்டிய விளிம்பு பிளேடு. சமையலறைச் சுவரைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பார்கள். துணி மாட்டும், விரலும் கீறும். ஆகவே வெட்டிய ஒவ்வொரு விளிம்பின் மேல்முனையையும் தண்ணீர் தொட்ட சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தே வைத்தார்கள். சலிப்பான வேலை, தவிர்க்க முடியாதது. வெட்டு நடந்தது திண்ணையில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நிப்பரையும் கையையும் ஒரு பாலிதீன் பைக்குள் விட்டு. கண்ணாடித் துணுக்கு தெறித்துக் கேழ்வரகு மாவுக்குள் விழுந்தால் கண்டுபிடிக்க முடியாது. சமையலறைக்குள் ஒரு சில்லும் வெட்டக் கூடாது.

படமும் படலமும்

எழுத்துருவுக்கு அடிப்படையாக நோட்டோ சான்ஸ் தமிழ் எடுக்கப்பட்டது. அது இலவசம், கோடு ஏறக்குறைய ஒரே கனம். அதை அப்படியே பெரிதாக்கவில்லை. இன்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் எழுத்தின் நடுக்கோட்டை மட்டும் வரைந்து, அதற்கு 20 மி.மீ. கனம் கொடுத்து, சுழிகளை 40 மி.மீ.க்கு விரித்தார்கள். ‘று’வின் வால் வளையும் இடத்தில்தான் அதிகம் மாற்ற வேண்டியிருந்தது.

முழு அளவுப் படத்தை அச்சிட ஊரிலேயே பிளெக்ஸ் கடை இருக்கிறது. ஆனால் பிளெக்ஸ் இழுபடும், வெயிலில் இன்னும் இழுபடும். படத்தின் ஓரத்தில் சரியாக 1,000 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடும், நெடுக்கில் 500 மி.மீ. கோடும் சேர்த்து அச்சிட்டு, வாங்கும்போதே டேப்பால் அளந்துவிட வேண்டும். முதல் அச்சில் 1,000 என்பது 1,006 ஆக இருந்தது. கடைக்காரர் பக்க அளவுக்குப் பொருத்தி அச்சிட்டிருந்தார். 6 மி.மீ. என்றால் ஆறு சந்து. திருப்பி அச்சிட்டார்கள்.

அடுக்குவதற்குப் பழைய முறை, பழுப்புத் தாளில் சில்லைக் குப்புற ஒட்டுவது. அதில் படம் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்க வேண்டும். தமிழில் இது பெரிய பொறி: முதல் எழுத்தான ‘ப’ திருப்பினாலும் ‘ப’தான், தவறு ‘சி’ வரும்வரை யாருக்கும் உறைக்காது. இங்கே எடுத்துக்கொண்டது நேர்முறை. ஒட்டுப்பலகையின் மேல் படம், படத்தின் மேல் பாலிதீன், அதன் மேல் சில்லுகள் முகம் மேலாக. ஒரு கட்டம், அதாவது ஒரு எழுத்துக்குரிய பகுதி, முடிந்ததும் மேலே பசையுள்ள ஒளிபுகும் படலத்தை ஒட்டி, துணியால் அழுத்தித் தேய்த்து, அப்படியே தூக்கினால் கட்டம் முழுதாக வந்துவிடும். சில்லின் முகம் தூசில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். ஊறவைத்த தாளின் பிசின் மிஞ்சியிருந்தால் படலம் பிடிக்காது.

ஒரு எழுத்துக்கு ஒரு கட்டமாக ஆறு கட்டம். ஒவ்வொன்றின் மேல் கீழ் விளிம்பும் பின்னணியின் 21.8 மி.மீ. வரிசையில் போய் முடிகிறது, அதாவது 14 வரிசை, 305 மி.மீ. பக்கவாட்டு இணைப்பு எழுத்து இடைவெளியின் நடு வரிசையில். இதனால் சுவரில் பின்னணி ஷீட்டைப் போடும்போது எழுத்தைச் சுற்றி வெட்டவே வேண்டியதில்லை. நேர் விளிம்போடு நேர் விளிம்பு சேர்கிறது. படலத்தின் மேல் எண்ணும், மேல்நோக்கிய அம்புக்குறியும், அடிக்கோடும் மார்க்கரால் போட்டார்கள்.

சுவரும் பசையும்

பழைய பூச்சின் மேல் ஆயில் பெயிண்ட் அடித்திருந்தது. பெயிண்டின் மேல் எதை ஒட்டினாலும் அது பெயிண்டில்தான் ஒட்டும். ஒருநாள் எல்லாம் சேர்ந்து உரிந்து வரும். முழுக்கச் சுரண்டி, தட்டிப் பார்த்து, வெற்று ஒலி கேட்ட இரண்டு இடங்களை உடைத்துப் பூசினார்கள். பெரிய டைல் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும், மொசைக் அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். 1 மீட்டர் நேர்கட்டையை எந்தப் பக்கம் வைத்தாலும் 1 மி.மீ.க்கு மேல் ஒளி தெரியாத அளவுக்கு வெள்ளைப் பசையையே மெல்லப் பூசி மட்டம் செய்து, ஒருநாள் காயவிட்டார்கள்.

பசை வெள்ளையாக இருப்பது கட்டாயம். கண்ணாடிச் சில்லில் வெளிர் நிறங்களில் ஒளி ஊடுருவும். சாம்பல் பசை பின்னாலிருந்தால் சந்தனம் அழுக்காகத் தெரியும், கரணைக் கோடு கூட நிழலாக விழும். பையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற தரக்குறியும் கண்ணாடி மொசைக்குக்கு ஏற்றது என்ற குறிப்பும் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பரப்புக்கு 2.5 மி.மீ. கனத்தில் 3 கிலோ சொச்சம் தான் தேவை, மட்டம் செய்ததையும் சேர்த்தால் 7 கிலோ. 20 கிலோ பை வாங்கி மிச்சத்தைக் கட்டி வைத்தார்கள்.

கலக்கிய தண்ணீர் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு கூடுதல் என்பதால்தான் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்து, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். சுவரைக் கெடுப்பது அதே போர்த் தண்ணீரில் இருக்கும் மற்ற உப்பும் கடினத்தன்மையும். சிமெண்ட் கலந்த எதையும் அதில் கலக்கினால் காய்ந்தபின் சந்துகளில் வெள்ளையாகப் பூக்கிறது. கரும் எழுத்தைச் சுற்றி அந்தப் பூப்பு எடுப்பாகத் தெரியும்.

பல் கரணையால் பசையை இழுத்து, உடனே அதன் தட்டைப் பக்கத்தால் வரியை அமுக்கிச் சமமாக்க வேண்டும். வரியோடு விட்டால் சின்னச் சில்லுகளுக்கு நடுவே பசை பிதுங்கி மேலே வரும். பிறகு கிரவுட் போக இடமிருக்காது, வெள்ளைப் பொட்டு பொட்டாகத் தெரியும். ஒரு தடவைக்கு ஒரு கட்டத்துக்கு மட்டுமே பசை. விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும். தோல் கட்டியிருந்தால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். சித்திரை வெயிலில் பையில் எழுதியிருக்கிற நேரத்தை நம்பக் கூடாது.

முதலில் எழுத்துக் கட்டங்கள், அடுத்த நாள் பின்னணி. எழுத்து அந்தரத்தில் தொடங்குவதால் 222 மி.மீ. உயரத்தில் ஒரு ரீப்பர் கட்டையை லேசர் கோட்டில் திருகி, அதன் மேல் கட்டங்களை உட்காரவைத்தார்கள். இங்கேதான் வேலையின் ஒரே பெரிய விபத்து. ‘று’வின் கட்டம் மற்றவற்றைவிட 3 மி.மீ. இறங்கிவிட்டது. ரீப்பர் நடுவில் நெளிந்திருந்தது. அந்தத் தடவை பசையும் கொஞ்சம் தளர்வாகக் கலக்கப்பட்டிருந்ததால் கட்டம் வழுக்கிப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘யா’வின் அடிக்கும் ‘ங்’கின் அடிக்கும் நூல் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது. ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள் என்பதாலும் படலம் இன்னும் முகத்தில் இருந்ததாலும், பின்னால் மெல்லிய பட்டிக் கரணையை விட்டு நெம்பிக் கட்டத்தை உடையாமல் எடுக்க முடிந்தது. பசையைக் கழுவி, ரீப்பருக்குப் பதில் அலுமினியச் சட்டம் வைத்து மறுபடி ஒட்டினார்கள். மரக்கட்டைக்கு இந்த வேலையில் இடமில்லை. கட்டங்களைச் சுற்றிப் பிதுங்கிய பசையை அன்றைக்கே செதுக்கிவிட வேண்டும். மறுநாள் அது கல்லாகி, பின்னணி ஷீட் தூக்கிக்கொண்டு நிற்கும்.

படலத்தை மறுநாள் எடுக்கலாம். நேராக வெளியே இழுக்காமல், சுவரோடு சேர்த்து மடித்து இழுக்க வேண்டும். பின்னணி ஷீட்டின் தாளுக்கு வேறு நேரம்: ஒட்டி அரை மணி, முக்கால் மணியில் பஞ்சால் நனைத்து உரித்து, கோணலான சில்லை அப்போதே தட்டிச் சரிசெய்ய வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு படலத்தை முக்கால் மணியில் இழுத்தால் எழுத்து கையோடு வந்துவிடும்.

கிரவுட்

சிமெண்ட் கிரவுட்டா, எபாக்சியா என்ற கேள்விக்குச் சமையலறையில் மஞ்சள்தூள் பதில் சொல்லிவிடுகிறது. எபாக்சியில் மஞ்சள் கறை எளிதில் உள்ளே இறங்காது. எண்ணெயும் புளியும் அப்படியே. விலை பல மடங்கு, வேலை சிரமம், இருந்தாலும் எபாக்சிதான்.

நிறத்துக்கு மூன்று மாதிரி பார்த்தார்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிறச் சில்லும் கலந்த ஒரு சின்னப் பலகை. வெள்ளையில் எழுத்து துண்டு துண்டானது. கரும் பழுப்பில் எழுத்து நன்றாக இணைந்தது, ஆனால் பின்னணி முழுக்க வலை விரித்த மாதிரி ஆகி அதுவே கண்ணை இழுத்தது. சந்தனத்தைவிட ஒரு படி கருத்த சாம்பல் சந்தனம் தேறியது. எழுத்துக்குள் சந்து 1 மி.மீ. மட்டும் என்பதால் அந்த வெளிர்க் கோடு 4 மீட்டரில் கரைந்துவிடுகிறது.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. சில்லின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அவற்றின் பெருக்கலால் வகுத்து, அதைக் கனத்தாலும் சந்தாலும் 1.6-ஆலும் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 20 மி.மீ. சில்லு, 4 மி.மீ. கனம், 1.8 மி.மீ. சந்து: 1.15 கிலோ. இந்தச் சுவருக்கு ஒரு கிலோவை ஒட்டி வருகிறது. கரை வரிசையில் சந்து அதிகம், கரணையிலும் வாளியிலும் ஒட்டி வீணாவதும் உண்டு. 2 கிலோ வாங்கியது சரியாக இருந்தது.

எபாக்சியின் இரண்டு பாகங்களான ரெசினையும் ஹார்டனரையும் கண்ணளவில் பாதியாக்கக் கூடாது. இரண்டையும் எடைத் தராசில் வைத்துப் பிரித்து, இரண்டு தடவையாகக் கலக்கினார்கள், ஏனென்றால் வெப்பம் 10 டிகிரி கூடினால் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகிறது. மதியம் முழுக் கலவையையும் வாளியில் வைத்திருந்தால் அது தன் சூட்டிலேயே இறுகும். கலந்ததும் ஒரு தட்டில் பரப்பி வைத்தால் சூடு ஏறாது. ரப்பர் கரணையால் மூலைவாட்டில் இழுத்து நிரப்பி, 15, 20 நிமிடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைப்பது. ஒரே தண்ணீரில் திரும்பத் திரும்ப முக்கினால் மங்கலான படலம் பரவும். அரக்குச் சிவப்பில் அந்த மங்கல் உடனே தெரியும், மறுநாள் ஆனால் அதற்கென்று விற்கும் கரைப்பான் இல்லாமல் போகாது. கட்டட வேலை முடிவில் டைலை ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. வேண்டவே வேண்டாம்: கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, சிங்க் குழாயும் மேடைக்கல்லின் பளபளப்பும்தான் போகும்.

மேடையும் சுவரும் சேரும் 4 மி.மீ. சந்தில் கிரவுட் போடாமல் சிலிக்கான் விட்டார்கள். கல்லும் சுவரும் தனித்தனியாக அசைகிற இடம் அது, கெட்டியான எதை வைத்தாலும் மயிரிழை விரிசல் வந்து தண்ணீர் இறங்கும்.

கடைசியாக விளக்கு. கப்போர்டின் அடியில் எல்.இ.டி. பட்டை சுவரை ஒட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஒளி சுவரை உரசி இறங்கியதில் அரை மி.மீ. ஏற்ற இறக்கம்கூட நிழல் போட்டது, பளபளப்பில் எல்.இ.டி. பொட்டுகள் வரிசையாக எழுத்தின் மேல் தெரிந்தன. பட்டையைக் கப்போர்டின் முன் விளிம்புக்கு மாற்றி, பால் நிற மூடி போட்டதும் இரண்டும் போயின.

பராமரிப்புக்குச் சொன்னது இவ்வளவுதான். துடைக்கக் குழாய்த் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் போதும். போர்த் தண்ணீரில் துடைத்தால் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கரும் சில்லில் வெள்ளைச் சொட்டுக் கறை படியும். இரும்பு நார் போடக் கூடாது. இரண்டு நிறத்திலும் முப்பது முப்பது சில்லும், கிரவுட்டின் நிற எண் எழுதிய சீட்டும் ஒரு டப்பாவில் போட்டு லாஃப்ட்டில் வைத்திருக்கிறார்கள். பின்னால் ஒரு சில்லு உடைந்தால் சுற்றியிருக்கிற கிரவுட்டை முதலில் அறுத்துவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். நேரே நெம்பினால் பக்கத்து ஆப்புகளும் சேர்ந்து கிளம்பும்.